ரெண்டே நிமிஷம், மேடம்

சுற்று, நிறுத்தாதே, சுற்று. குடுவையை நிறுத்தினால் செல்கள் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், உட்கார்ந்தால் காற்றுப் போதாது, காற்றுப் போதாவிட்டால் சாகும், ஆகவே டாக்டர் ரேணுகா, செல் வளர்ப்புப் பிரிவின் தலைவியே, நீ இந்தத் துணி அலமாரி அளவு அறையில் நின்றுகொண்டு மணிக்கட்டால் குடுவையைச் சுற்றிக்கொண்டே இரு. முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு, இரண்டின் தலையிலும் சிவப்பு விளக்கு. ஏர்லாக் என்று இதற்குப் பெயர். ஒரு கதவு மூடினால்தான் மற்றது திறக்கும்; செல்கள் பெருகி மருந்து செய்யும் பெரிய தொட்டியான ரியாக்டர் இருக்கும் கிளீன் ரூமுக்குள் வெளிக்காற்று போய்விடக் கூடாது என்பதற்காகக் கட்டியது. செல் வளர்க்கும் அறையிலிருந்து குடுவையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன், பின்கதவு மூடியது, முன்கதவில் கை வைக்கப் போனேன், கரண்ட் ஒரு தரம் கண் சிமிட்டியது. ஜெனரேட்டர் எடுத்துக்கொண்டது, விளக்கெல்லாம் வந்துவிட்டது, இந்தக் கதவுகளுக்கு மட்டும் புத்தி பேதலித்துவிட்டது. அது திறந்து கிடக்கிறது என்று இது நினைக்கிறது, இது திறந்து கிடக்கிறது என்று அது நினைக்கிறது, நடுவில் நான். சுவர் ஸ்பீக்கர் கரகரக்கிறது. "மேடம், மாரிக்கண்ணு பேசறேன், எலக்ட்ரிக்கல். டென்ஷன் ஆவாதீங்க. ரெண்டே நிமிஷம்." முழங்கையால் பொத்தானை அழுத்தி, "சீக்கிரம் பாருங்க மாரிக்கண்ணு, கையில செல் இருக்கு" என்றேன். "ரெண்டே நிமிஷம், மேடம்." நல்ல மனிதர்தான். போன மாசம் என் அறை மின்விசிறிக்கும் இதே ரெண்டு நிமிஷம்தான் சொன்னார், அது இன்னும் முனகிக்கொண்டிருக்கிறது. இந்த ஊரில் மூன்று நிமிஷம் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. குளியலறைக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் ரெண்டு நிமிஷம், தெருமுனையிலிருந்து சிலிண்டர்காரர் ரெண்டு நிமிஷம், மேடையில் மைக்கைப் பிடித்தவர் ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷங்களை எல்லாம் கூட்டினால் நான் இன்னொரு பட்டம் வாங்கியிருப்பேன்.

மூக்கு அரிக்கிறது. அரிக்காமல் என்ன செய்யும்? தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கி, முகமூடி, கண்ணாடி, கையுறை மேல் கையுறை. தொடக் கூடாது என்று தெரிந்த உடனே அரிக்கும் ஓர் உறுப்பு மூக்கு. ஏசியும் நின்றிருக்கிறது போல, முதுகில் வியர்வை இறங்குகிறது, இறங்கட்டும், சுற்று. வலது மணிக்கட்டு கடுக்கிறது, இடது கைக்கு மாற்று, மாற்றும்போதும் நிறுத்தாதே. குடுவைக்குள் இளஞ்சிவப்பாகக் கலங்கிய தண்ணீர், பார்த்தால் யாரோ ரோஸ்மில்க் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த தம்ளர். இதற்குத்தான் இவ்வளவு மரியாதை. அறுபது எழுபது வருஷத்துக்கு முன் சீனத்து ஹாம்ஸ்டர் ஒன்று, கொழுகொழு எலி, அதன் சினைப்பையிலிருந்து யாரோ கிள்ளியெடுத்த செல்லின் பரம்பரை. அந்த எலி செத்து மண்ணாகி எத்தனையோ காலம், அதன் பிள்ளைகள் உலகம் பூராவும் தொட்டிகளில் நீந்திக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குள் மனிதனுடைய ஜீன் ஒன்றை நுழைத்து, இந்தா, எலிக்கு வேண்டாத இந்த என்சைமைச் செய் என்று மிரட்டி, பட்டினி போட்டு, செய்யாததைச் சாகவிட்டு, செய்வதில் கெட்டிக்காரியைப் பொறுக்கியெடுப்பதற்கு எனக்கு நாலு வருஷம் ஆனது. ஏன் பாக்டீரியாவிடம் செய்யச் சொல்லக் கூடாதா, அது சீக்கிரம் வளருமே என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கோட்டுப் போட்ட ஒருவர் கேட்பார். கூடாது ஐயா. இந்த என்சைமின் மேல் ஒரு சர்க்கரைச் சங்கிலி ஒட்ட வேண்டும், அதுதான் விலாசம், விலாசம் இல்லாவிட்டால் மருந்து தசைக்குள் போகாமல் ரத்தத்தில் ஊர் சுற்றிவிட்டு வந்துவிடும், அந்த விலாசத்தை எழுதப் பாக்டீரியாவுக்குத் தெரியாது, பாலூட்டிச் செல்லுக்குத்தான் தெரியும். இதை எங்கள் அடுக்ககத்தில் கீழ்வீட்டு அம்மாவிடம் நான் பொறுமையாகச் சொன்னேன், முழுக்கக் கேட்டுவிட்டு, "ஓ, எலி மருந்தா?" என்றார். அன்றிலிருந்து படியிறங்கும்போது கும்பிடு மட்டும்தான்.

பின்கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ப்ரேம்நாத் வந்து நிற்கிறான். தரக் கட்டுப்பாடு. எங்கள் கம்பெனியில் சிரிப்பதற்குக்கூட விதி தேடுகிறவன். கைக்கடிகாரத்தைக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் காட்டுகிறான், பிறகு பத்து விரலையும் விரிக்கிறான். பத்து நிமிஷம் ஆகிவிட்டது. அவ்வளவுதானா ஆனது? எனக்கு ஒரு யுகம் ஆகியிருக்கிறது. என் கடிகாரம் அங்கிக்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டு ஓடுகிறது, இவன் விரல்தான் எனக்கு மணிக்கூண்டு. ஆட்டிக்கொண்டே இருக்கும் இயந்திரமான ஷேக்கரை விட்டு வெளியே எடுத்த குடுவை அரை மணிக்குள் ரியாக்டருக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் கொட்டிவிட வேண்டும். விதி. யார் போட்ட விதி? எங்கள் டைரக்டர் டாக்டர் திருவேங்கடம் போட்ட விதி. தொண்ணூறு நிமிஷம் தாங்கும் சார், நான் வைத்துப் பார்த்திருக்கிறேன், கையால் சுற்றிக்கொண்டிருந்தால் இன்னும் தாங்கும், தொண்ணூறு போடுங்கள் என்றேன். "அரை மணின்னு போட்டா ஆடிட்டருக்குப் பாக்க நல்லா இருக்கும்மா" என்றார். பார்க்க நல்லா இருக்கிறதாம்! மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்டோ அனுப்புகிற மாதிரி. நல்லாத்தான் இருக்கிறது சார், இப்போது வந்து பாருங்கள், உங்கள் அழகான அரை மணிக்குள் நான் நிற்கிறேன். துணைக்கு ஒரு குடுவை இருந்தது, அது போன வாரம் கெட்டுக் கலங்கிவிட்டது, கொட்டியாயிற்று. இருப்பது இது ஒன்றுதான். இதுவும் போனால் உறைநிலையிலிருந்து புதுசாக ஒரு சிமிழை எடுத்து உருக்கி, அதைச் சொட்டாக, மடக்காக, குடுவையாக வளர்த்துக் கொண்டுவர ஒரு மாசம். முழுசாக ஒரு மாசம். சுற்று.

வலது பக்கச் சுவரில், என் தோள் உயரத்தில், அந்தப் பச்சைப் பெட்டி. ஆபத்துக்கு உடைக்கவும். முழங்கையால் ஒரு இடி இடித்தால் கண்ணாடி உடையும், இரண்டு கதவும் பூட்டை விட்டுவிடும். இரண்டும். அதுதான் வினை. இரண்டும் ஒன்றாகத் திறந்தால் வெளிக்காற்று நேரே கிளீன் ரூமுக்குள் போகும், அப்புறம் அந்த அறையைக் கூரையிலிருந்து தரைவரை கழுவி, கிருமி வளர்க்கும் தட்டுகளை மூலைக்கு மூலை வைத்து, எந்தக் கிருமியும் முளைக்கவில்லை என்று நிரூபித்து மறுபடி தொடங்க ஒரு வாரம். செல் பிழைத்துக்கொள்ளும், பின்னாலேயே போய் ஷேக்கரில் வைத்துவிடலாம், ஒரு வாரம் தீனி போட்டுக் காப்பாற்றிவிடலாம். ஆக உடைத்தால் நிச்சயமாக ஒரு வாரம் போகும். உடைக்காவிட்டால் ஒன்றுமே போகாது, மாரிக்கண்ணுவின் ரெண்டு நிமிஷம் நிஜமாக இருந்தால். பொய்யாக இருந்தால் ஒரு மாசம். இது என்ன கணக்கு? எந்தப் படிப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்? "மாரிக்கண்ணு, உண்மையச் சொல்லுங்க, முடியுமா முடியாதா?" "முடியும் மேடம், முடியாம என்ன. பேனலத் தொறந்துட்டேன். ரெண்டே நிமிஷம்." இப்போதுதான் திறந்தாராம். அப்படியென்றால் இவ்வளவு நேரம் எதைச் செய்தார், பேனலுக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தாரா?

இதில் சவரிமுத்து வேறு. நினைக்கக் கூடாது என்று இருந்தேன், நினைத்தாயிற்று. தினமும் காலையில் போனில் ரோஜாப்பூப் படம், இனிய காலை வணக்கம், மேலே பனித்துளி, மூலையில் ஒரு புறா. ஒரு நாள் தவறியதில்லை. திண்டுக்கல் பக்கம் மினி பஸ் ஓட்டுகிறவர். மருந்தைச் சரியான குளிரில் வைத்திருக்கிறார்களா என்று பார்க்க மதுரை ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை போனேன், வராந்தாவில் பிடித்துக்கொண்டார், நம்பர் கேட்டார், கொடுத்துத் தொலைத்தேன். கொடுத்திருக்கவே கூடாது, பரிசோதனையில் இருக்கும் நோயாளியின் குடும்பத்தோடு எங்களுக்குப் பேச்சே கூடாது. ஒரு தடவைகூட நான் பதில் போட்டதில்லை. அவரும் விடுவதில்லை. அவர் மகள் ஷைனி, ஒன்பது வயது, உடம்பில் இந்த என்சைம் பிறவியிலேயே கிடையாது, சர்க்கரை தசைக்குள் போய்க் குவிந்து தசை தளர்ந்துபோகும். முதலில் படி ஏற முடியாது, அப்புறம் எழுந்திருக்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மருந்து ஏற வேண்டும். ஏற ஆரம்பித்து ஏழெட்டு மாதத்தில் ரோஜாவுக்குக் கீழே ஒரு குரல் செய்தி வந்தது. "அம்மா, புள்ள இன்னைக்குச் செவுத்தப் புடிக்காம எந்திரிச்சிருச்சும்மா. அவுக அம்மா அழுகுறா. ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்." என்னிடம் ஏன் முதலில் சொல்கிறீர்கள்? நான் எலிச் செல்லுக்குத் தீனி போடுகிறவள். எனக்குக் கோபம்தான் வந்தது, சத்தியமாகக் கோபம், அன்று முழுக்க எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன், யாரோ உறிஞ்சுகுழலை மாற்றி வைத்ததற்கு ஒரு கத்து கத்தினேன். ஏனென்றால் பயம். அந்தக் குரலைக் கேட்பதற்கு முன்னால் இது ரோஸ்மில்க்தான். அதற்குப் பிறகு குடுவையைத் தூக்கும்போதெல்லாம் ஒரு பெண்பிள்ளை சுவரை விட்டுக் கையை எடுக்கிறாள். போன தயாரிப்பு முடியும் தறுவாயில் இருக்கிறது. இன்றைக்கு ரியாக்டரில் விட்டால் இருப்பு தீரவும் புது மருந்து போகவும் சரியாக இருக்கும். ஒரு வாரம் தள்ளினால் ஒரு ஊசி ஒரு வாரம் தள்ளும், சோர்வாள், பரவாயில்லை, மீண்டுவிடுவாள். ஒரு மாசம் தள்ளினால் சுவரைப் பிடிப்பாள். அதற்கப்புறம் விட்ட இடத்துக்குத் திரும்பி வருவாளா என்று யாராலும் சொல்ல முடியாது, இழந்த தசை இழந்ததுதான் பல பேருக்கு.

ப்ரேம்நாத் பத்தும் பத்தும் காட்டுகிறான். இருபது. பக்கத்தில் டாக்டர் திருவேங்கடம் வந்துவிட்டார், சட்டைப் பையில் பேனா, முகத்தில் கல்யாண வரவேற்பில் நிற்கிற சிரிப்பு. கையால் அமைதி, அமைதி என்று காட்டுகிறார். நான் அமைதியாகத்தான் சார் இருக்கிறேன், சுற்றிக்கொண்டிருக்கிறேன். அவர் ஸ்பீக்கரில் குனிகிறார். "ரேணுகா, எதையும் உடைச்சுகிடைச்சு வெச்சுடாதம்மா. போர்டு மீட்டிங் இருக்கு. ஒரு வாரம் ரூம் மூடினா நான் என்ன பதில் சொல்றது?" "செல் போனா ஒரு மாசம் சார்." "போகாது, போகாது. பாசிட்டிவா இரு." பாசிட்டிவாம். இந்தச் செல்களில் ஒரு கோளாறு உண்டு. என்சைம் செய்வது பாரம், அதைச் செய்வதில்தான் அதன் சக்தியெல்லாம் போகும். கூட்டத்தில் ஒன்று எப்படியோ அந்த ஜீனைத் தொலைத்துவிடும் அல்லது அதன் வாயை அடைத்துவிடும், வேலை இல்லை, அதனால் கொழுகொழுவென்று வேகமாகப் பெருகும், விட்டால் கொஞ்ச நாளில் குடுவை முழுக்க அதன் வாரிசுகள்தான், வேலை செய்வது ஒரு மூலையில் இளைத்துக் கிடக்கும். இதைக் கண்டுபிடிக்க நான் மைக்ராஸ்கோப்பில் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, நிர்வாகம் உட்கார்ந்திருக்கும் எங்கள் இரண்டாவது மாடியில் ஒரு சுற்று வந்திருந்தால் போதும். சீ, என்ன நினைப்பு, மூக்கு அரிப்பினால் வரும் நினைப்பு. சுற்று. தோளில் ஒரு கம்பி இழுக்கிறது. நுரை வருகிறதா? வேகம் குறை. நுரை வந்தாலும் சாகும், நின்றாலும் சாகும், என்ன பிறவி இது, என்னதான் வேண்டும் உனக்கு? குளிர்ந்தால் ஆகாது, சூடானால் ஆகாது, பசித்தால் ஆகாது, தின்றால் தன் கழிவிலேயே மயங்கும். என் மகனைக்கூட நான் இப்படித் தூக்கிச் சுமந்ததில்லை, அவனை அம்மாவிடம் விட்டுவிட்டு உங்களுக்குத் தீனி போட ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறேன், ஞாயிறு ஞாயிறாக, ஒரு பொங்கலுக்கும் வந்திருக்கிறேன், உங்களுக்கு அது தெரியுமா?

"மாரிக்கண்ணு?" "ஆச்சு மேடம், ஆச்சு." "ஆச்சுன்னா என்ன, ஆச்சா?" "ஒரு ரிலே மாட்டிக்கிச்சு. ரெண்டே நிமிஷம்." ப்ரேம்நாத் இருபது காட்டி, ஒரு கையின் ஐந்து விரலைச் சேர்க்கிறான். அவன் முகம் வெளுத்திருக்கிறது, பாவம், கொட்டச் சொல்லி எழுத வேண்டியவன் அவன். மாரிக்கண்ணு இதுவரை சொன்ன ரெண்டு நிமிஷங்களில் ஒன்றாவது நிஜமாக இருந்ததா? இல்லை. அதனால் இதுவும் இருக்காதா? அப்படியும் சொல்ல முடியாது, ஏதாவது ஒன்று கடைசி ரெண்டு நிமிஷமாகத்தான் இருக்க வேண்டும், ஏதோ ஒரு கட்டத்தில் எல்லா வேலையும் முடியத்தான் செய்கிறது. இதுவாக இருந்தால்? உடைத்த மறுகணம் விளக்குப் பச்சையானால்? ஒரு வாரத்தை நான் ஷைனியிடமிருந்து பிடுங்கியவள் ஆவேன், வேறு யாருமில்லை, கரண்டும் இல்லை, கதவும் இல்லை, நான். உடைக்காமல் நின்றால் யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். மின்தடை, கதவுக் கோளாறு, விதிப்படி கொட்டப்பட்டது. பாசிட்டிவாக இருந்தேன் சார். ஒரு மாசம் ஒருவர் மேலும் விழாது, அழகாக எல்லோருக்கும் இடையில் நழுவி நேரே திண்டுக்கல்லில் போய் விழும். ப்ரேம்நாத் இருபத்தேழு காட்டுகிறான். ஏழு என்பதை அவன் காட்டிய விதம், இரண்டு விரலைத் தனியாக நடுங்க விட்டுக் காட்டியது. "ரெண்டே—" என்று ஸ்பீக்கர் ஆரம்பித்தது. போதும். போதும்டா சாமி. குடுவையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முழங்கையால் இடித்தேன்.

சத்தம் பெரிதாக இருந்தது. மணி அலறியது, இரண்டு கதவும் ஒன்றாக மூச்சு விட்டு விலகின, பின்பக்கக் காற்று என் அங்கியைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடியது. "ஐயோ மேடம், வயரப் புடிச்சுட்டேன் மேடம், ரெண்டே நிமிஷம்தான் மேடம் இருந்துச்சு" என்று மாரிக்கண்ணு அழாத குறையாகச் சொன்னார். உண்மையோ பொய்யோ, எனக்கு இனி எப்போதுமே தெரியப்போவதில்லை. நான் யாரையும் பார்க்காமல் சுற்றிக்கொண்டே நடந்தேன், குடுவையை ஷேக்கரில் பொருத்தி இன்குபேட்டர் கதவைச் சாத்திய பிறகுதான் மூக்கைச் சொறிந்தேன். ப்ரேம்நாத் பின்னாலேயே ஓடி வந்தான். "இருபத்தொம்பது மேடம். நான் பாத்துட்டேதான் வந்தேன். விதிக்குள்ளதான்" என்றான், சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

கொஞ்சம் எடுத்து நீலச் சாயத்தில் கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். செத்த செல் சாயத்தை உள்ளே விட்டு நீலமாகும், உயிருள்ளது விடாது. எங்கே பார்த்தாலும் வெள்ளை வெளேரென்று உருண்டைகள், நீலத்தைத் தேட வேண்டியிருந்தது. இன்னொரு தரம் எண்ணினேன். டாக்டர் திருவேங்கடம் பின்னால் வந்து நின்றார். "எப்படி இருக்கு?" "நல்லா இருக்கு சார். நூத்துக்குத் தொண்ணூத்தேழு உயிரோட இருக்கு." அவர் பெருமூச்சு விட்டார். கொஞ்சம் யோசித்தார். "பாத்தியா ரேணுகா, அப்ப இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருக்கலாமே." நான் மெதுவாகத் திரும்பினேன். "அரை மணி தாண்டினா கொட்டணும்னு போட்டது யாரு சார்?" "அதெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டிதானேம்மா. பேசிச் சரி பண்ணியிருக்கலாம். இப்பப் பாரு, ஒரு வாரம் போச்சு."

அந்த ஒரு வாரத்தை அவர் சொன்ன விதம். போர்டு மீட்டிங்கில் ஒரு கட்டம் நகர்வது போல. கையுறையைக் கழற்றினேன், போனை எடுத்து, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, ரோஜாப்பூவுக்கு மேலே இருந்த பெயரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன். முதல் மணி முடியவில்லை. "அம்மா! நீங்களா! ஏத்தா ஷைனி, ஓடியா, மருந்தம்மா பேசுறாக!" தூரத்தில் ஒரு செருப்புச் சத்தம், ஓட்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் நிற்காமல் வந்துகொண்டே இருந்த சத்தம். போனை டாக்டர் திருவேங்கடத்தின் கையில் வைத்தேன். "ஊசி ஒரு வாரம் தள்ளிப்போகும்னு சொல்லணும் சார். நீங்க பேசிச் சரி பண்ணுங்க." அவர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஹலோ, ஆன்ட்டியா?" என்றது ஒரு சின்னக் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. சார் தொண்டையைச் செருமினார். நான் மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்து, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.